வெளியே வட்டம், உள்ளே சதுரம்: ஒரு சீனத் தொடரைத் தமிழாக்கி நான் இழந்த 19 நாள்

112 சீன மரபுத்தொடர்களைத் தமிழாக்கிக் கொடுக்கும் வேலை அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பொருள், கீழே நூறு நூற்றைம்பது சொற்களில் விளக்கம். பேசிய தொகை 28,000 ரூபாய். 111 தொடர்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. மிச்சமிருந்த ஒன்று, நான்கே எழுத்து, 19 நாளையும் 9,500 ரூபாயையும் எடுத்துக்கொண்டது. அச்சாகிவிட்ட ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், 600 படிகளுக்கானது, பைண்டிங்குக்குப் போகுமுன் கழிக்கப்பட்டு மறுபடி அடிக்கப்பட்டது. அந்தச் செலவைத்தான் என் தொகையில் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது நியாயம், தவறு என்னுடையது. பணம் போனதைவிட, ஒரு நல்ல சொல்லை அதற்கு நேர் எதிரான பொருளில் தமிழ் வாசகர் கையில் கொடுக்க இருந்தேனே என்பதுதான் பல நாள் தூங்கவிடவில்லை. இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியவை சில இருக்கின்றன. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தொடர் இதுதான்: வாய் யுவான் நெய் ஃபாங். ‘வாய்’ என்றால் வெளி, ‘யுவான்’ வட்டம், ‘நெய்’ உள், ‘ஃபாங்’ சதுரம். பழகுவதில் இணக்கமாக, சின்ன விஷயங்களில் விட்டுக்கொடுத்துப் போகிறவர், ஆனால் கொள்கை என்று வந்தால் அசையாதவர். அப்படிப்பட்டவரைப் பற்றிச் சொல்வது. குறிப்பு எடுக்கும்போதே சீன எழுத்தையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தமிழ் ஒலிபெயர்ப்பில் வாயும் நெய்யும்தான் கண்ணில் படும். சீனத்தில் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும், நம் எழுத்தில் அது நிற்காது. ஒலிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு அகராதியில் தேடினால் வேறு எங்கேயோ போய் நிற்போம். எனக்கு இரண்டு நாள் அப்படித்தான் போயிற்று.

முதல் தவறு வரிசையில். விளக்கத்தின் கடைசி வாக்கியத்தில், ஓசைக்காக, ‘உள்ளே வட்டமும் வெளியே சதுரமுமாக வாழ்ந்தவர்’ என்று மாற்றிப் போட்டுவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. ஏன் படவில்லை என்று பிறகு யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம் காதுக்கு அந்த வரிசைதான் இயல்பு. தமிழில் நல்லவரைப் பலாப்பழம் என்போம்: வெளியே முள், உள்ளே சுளை. கண்டிப்பானவர், ஆனால் மனசு தங்கம். இந்தச் சீனத் தொடர் அதற்குத் தலைகீழ். வெளியே மெத்தென்று, உள்ளே உறுதி. பலாப்பழம் பழகிய மனம், தன்னை அறியாமல் சீனத் தொடரையும் புரட்டிப்போட்டுப் படித்துவிடுகிறது.

புரட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கொடுமை. அச்சுத் தாளைப் பார்த்த, சீனம் கற்பிக்கும் ஒருவர் சொன்னார்: “இதைப் புகழ்ச்சியா எழுதியிருக்கீங்களா? இது திட்டு.” தேடிப் பார்த்தேன். பிந்தைய ஹான் வம்ச வரலாற்றில் ஜி யுன் என்ற அதிகாரியைப் பற்றிய பகுதியில் அந்தப் புரட்டிய தொடரே வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டு, ருநான் என்ற ஊர்ப்பகுதி. பத்தாம் மாத விருந்தில் பகுதித் தலைவர் ஒரு கீழ் அதிகாரியை எல்லோர் முன்னும் புகழ்ந்து பரிசளிக்கப் போகிறார். ஜி யுன் மதுக்கிண்ணத்தோடு எழுந்து, அந்த ஆள் பேராசைக்காரன், கூட்டுச் சேர்ந்து சூழ்ச்சி செய்கிறவன், ‘வெளியே சதுரம் உள்ளே வட்டம்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். பார்வைக்கு நேர்மையாளன், உள்ளுக்குள் எந்தப் பக்கமும் உருளுகிறவன் என்று பொருள். நான் ஒரு நல்ல மனிதரைப் பற்றி எழுதிய புகழுரை, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய குற்றச்சாட்டாக அச்சாகியிருந்தது. ஆகவே சோடி சோடியாக வரும் எந்தத் தொடரிலும் ஓசைக்காக வரிசையை மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், மாற்றிய வரிசையும் தனியாக வழக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கம் செய்கிறவர்களுக்கு இன்னொரு பள்ளம், ‘சதுரம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. சீனத்தில் ‘ஃபாங்’ என்பதோடு ‘ஜெங்’ சேர்ந்து ‘ஃபாங்ஜெங்’ என்றால் நேர்மை, ஒழுங்கு. நான்கு மூலையும் சரியாக இருப்பது அங்கே அறத்தின் படம். தமிழில் மூலைக்கு இன்னொரு பெயர் கோணம், கோணல் என்றாலோ வளைவு, தப்பு. கோணாமல் இருப்பதுதான் நமக்கு நேர்மை. ‘சதுர்’, ‘சதுரன்’ என்றால் சாமர்த்தியம், சாமர்த்தியசாலி. எனவே ‘உள்ளே சதுரமானவர்’ என்று மொழிபெயர்த்து அப்படியே விட்டால், தமிழ் வாசகருக்கு ஒன்றும் ஏறாது, அல்லது உள்ளுக்குள் சாமர்த்தியசாலி என்று ஏறும். இரண்டாவதுதான் ஆபத்து. ‘வட்டம்’ சீனத்திலேயே இருமுகம் கொண்டது. ‘யுவான்மான்’ என்றால் நிறைவு, நல்லது. ‘யுவான்ஹுவா’ என்றால் வழுக்கி வழுக்கிப் போகிறவன், வசை. பல சீன மரபுத்தொடர் அகராதிகளில் ஒவ்வொரு தொடருக்கும் புகழ்ச்சியா, இகழ்ச்சியா, நடுநிலையா என்று குறி இருக்கும். பொருளைப் படிக்குமுன் அந்தக் குறியைப் பாருங்கள். நான் அதைப் பார்த்தது 11-ஆம் நாள்.

பிறகு நாணலைப் பிடித்தேன். நாணல்போல வளைந்து கொடுப்பது என்று எழுதினால் யாருக்கும் புரியுமே. இரண்டு நாள் கழித்து அதையும் அடித்தேன். நாணல் முழுசாகவே வளைகிறது, அதற்குள் வளையாத பாகம் என்று ஒன்று இல்லை. இந்தத் தொடரின் உயிரே அந்த வளையாத பாகத்தில்தான். அதைப் பிடிக்க வேண்டுமானால் தொடர் எந்தப் பொருளைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ அந்தப் பொருளிடமே போகவேண்டும். இன்று சீனர் இதைக் கேட்டதும் நினைப்பது பழங்காசு. நடுவில் சதுர ஓட்டை போட்ட வட்டச் செப்புக்காசு.

சின் அரசு கி.மு. 221-இல் நாட்டை ஒன்றாக்கியபோது பொதுவாக்கிய ‘பான்லியாங்’ காசு இந்த வடிவம். ஹான் காலத்து ‘வுஜூ’, தாங் வம்சம் 621-இல் வெளியிட்ட ‘காய்யுவான்’ என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இதே வடிவம்தான் ஓடியது. நம் பக்கமும் இது வந்திருக்கிறது: 1077-இல் சோழ நாட்டிலிருந்து சீனத்தின் சோங் அரசவைக்குப் போன 72 பேர் தூதுக்குழுவுக்குப் பதில் பரிசாக 81,800 சரம் செப்புக்காசு கொடுத்ததாகச் சீனப் பதிவு சொல்கிறது. தஞ்சைப் பகுதியில் சீனக் காசுகள் மண்ணிலிருந்து கிடைத்துமிருக்கின்றன. சரம் என்பது சும்மா இல்லை. ஓட்டையில் கயிறு கோத்து, சரத்துக்கு ஆயிரம் என்பது கணக்கு.

ஓட்டை கோப்பதற்குத்தான் என்றால் வட்ட ஓட்டையே போதுமே, சதுரம் எதற்கு? வானம் வட்டம், பூமி சதுரம் என்ற பழைய நம்பிக்கையைக் காரணமாகச் சொல்வார்கள். பட்டறைக் காரணம் ஒன்றும் உண்டு. இவை அடித்துச் செய்த காசு அல்ல, வார்த்துச் செய்தவை. அச்சுக்குள் உருகிய வெண்கலம் நடு வாய்க்கால் வழியாக இறங்கி, பக்க வாய்க்கால்களில் பிரிந்து குழிகளை நிரப்பும். ஆறியபின் எடுத்தால் கிளைக்குக் கிளை காசு தொங்கும் ஒரு மரம்போல இருக்கும். காசுகளை ஒவ்வொன்றாக ஒடித்தெடுத்தால் ஒடித்த இடத்தில் முனை துருத்திக்கொண்டிருக்கும், விளிம்பெல்லாம் பிசிறு. அதை ஒவ்வொன்றாக அராவ முடியாது. அதனால் ஒரு சதுரக் கம்பியில் காசுகளை நெருக்கமாகக் கோத்து இறுக்கி, மொத்தமாக அரத்தால் தேய்ப்பார்கள். ஓட்டை வட்டமாக இருந்தால் அரம் பட்டதும் காசு கம்பியைச் சுற்றிச் சுழன்றுவிடும், விளிம்பு தேயாது. சதுர ஓட்டை கம்பியைக் கவ்விக்கொண்டு நகராமல் நிற்பதால்தான் வெளி விளிம்பு வழவழப்பாகிறது. இதைப் படித்த அன்று நான் மேசையை விட்டு எழுந்துவிட்டேன். உள்ளே சதுரம் இருப்பது வெளி வட்டத்துக்கு முரண் இல்லை. அதுதான் வெளி வட்டத்தைச் சாத்தியமாக்குகிறது. உள்ளே பிடி இல்லாத ஆள் விட்டுக்கொடுக்கும்போது அவர் விட்டுக்கொடுக்கவில்லை, சுழல்கிறார்.

காசு அல்லாத இன்னொரு படமும் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள். தாங் காலத்து லியு சோங்யுவான் (773–819) தெற்கே யோங்ஜோவில் தண்டனைப் பதவியில் இருந்தபோது மைத்துனன் யாங் ஹுய்ஜிக்கு வண்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டி பாரம் தாங்கி ஊர் சுற்றுவது எதனால்? நல்ல மரம், நல்ல வேலைப்பாடு, வெளியே வட்டம், நடுவே சதுரம். சதுரம் என்பது பாரம் ஏற்றும் பெட்டி, வட்டம் என்பது சக்கரம். பெட்டி சதுரமாக இல்லாவிட்டால் பாரம் நிற்காது, சக்கரம் வட்டமாக இல்லாவிட்டால் வண்டி முட்டி நின்றுவிடும். மைத்துனனுக்கு இது பிடிக்கவில்லை. வட்டமாக இரு என்றால் குழைந்து பிழைத்துக்கொள் என்றா சொல்கிறாய் என்ற பொருளில் மறுப்பு வந்தது. லியு நீண்ட கடிதத்தில், தான் சொல்வது அந்தக் குழைவு அல்ல என்று விளக்க வேண்டியிருந்தது. சீனம் தெரிந்தவருக்கே, எழுதிய ஆள் உயிரோடு இருக்கும்போதே வந்த சந்தேகம் இது. தமிழ் வாசகருக்கு வராமல் இருக்குமா? எனவே விளக்கத்தில் ‘இது எதுவல்ல’ என்று ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். கன்பூசியஸ் ‘ஊருக்கெல்லாம் நல்லவன்’ என்பவனை அறத்தைத் திருடுகிறவன் என்றே சொன்னார், அந்த ஆள் வேறு, இந்த ஆள் வேறு என்று நான் ஒரு வரி சேர்த்தேன்.

இரண்டாவது பெரிய தவறு, ஒப்புமைக்கு இன்னொரு தொடரை இழுத்தது. ‘வாங் ச்சி ஜி ஷூன்’: ஒரு ச்சி வளைந்து ஒரு ஷூன் நிமிர்த்துவது. ச்சி அக்காலத்தில் சுமார் 23 செ.மீ., எட்டு ச்சி ஒரு ஷூன். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் எட்டு மடங்கு நேராக்கலாம். வட்டம்–சதுரத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணை உண்டா என்று ‘ஒத்த தொடர்’ என்றே போட்டிருந்தேன். மூலத்தைத் திறந்தபோது கை நடுங்கியது. கன்பூசியஸ் வழிவந்த அறிஞர் மென்சியஸின் நூலில் இதைச் சொல்வது மென்சியஸ் அல்ல, அவரிடம் வாதாடும் சென் தாய். அரசர்களைப் போய்ப் பார்க்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறீர்களே, கொஞ்சம் வளைந்தால் நாட்டையே திருத்தலாமே என்கிறார். மென்சியஸ் அதை மறுக்கத்தான் அந்தப் பகுதி முழுவதும். லாபக் கணக்குத்தான் என்றால், லாபம் வருமென்று எட்டு வளைந்து ஒன்றை நிமிர்த்தவும் செய்வாயா என்று கேட்கிறார்.

தொடர்ந்து அவர் சொல்லும் தேரோட்டி கதையை எல்லா மொழிபெயர்ப்பாளரும் ஒருமுறை முழுசாகப் படிக்கவேண்டும். ஜின் நாட்டு அமைச்சர் ஜாவ் ஜியான்சி, தன் செல்லப்பிள்ளை சி என்பவனுக்கு வேட்டையில் தேரோட்ட வாங் லியாங்கை அனுப்புகிறார். நாள் முழுக்க ஒரு பறவைகூட விழவில்லை. உலகத்திலேயே மட்டமான தேரோட்டி என்று சி புகார் சொல்கிறான். வாங் லியாங் இன்னொரு வாய்ப்புக் கேட்டு, வற்புறுத்திச் சம்மதிக்க வைத்து ஓட்டுகிறார். ஒரே காலையில் பத்துப் பறவை. உலகத்திலேயே சிறந்த தேரோட்டி என்று இப்போது புகழ். சரி, இனி நீயே அவனுக்கு ஓட்டு என்கிறார் அமைச்சர். வாங் லியாங் மறுத்துவிடுகிறார். “முறைப்படி ஓட்டினேன், நாள் முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. முறைகேடாக ஓட்டினேன், ஒரு காலையில் பத்து.” அப்படிப்பட்டவனுக்கு ஓட்டிப் பழக்கமில்லை என்கிறார். ஒரு தேரோட்டியே வெட்கப்பட்டானே, பறவையும் மிருகமும் மலைமலையாகக் குவிந்தாலும் செய்யமாட்டானே, தன்னை வளைத்துக்கொண்டவன் பிறரை நிமிர்த்தியதே இல்லை என்று முடிக்கிறார் மென்சியஸ்.

இதைப் படித்துவிட்டு மென்சியஸ் எதற்கும் வளையாதவர் என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் தப்பு. அதே நூலில் இன்னோரிடத்தில், ஆணும் பெண்ணும் கைக்குக் கை பொருள் கொடுத்து வாங்கக்கூடாது என்ற முறையைச் சொல்லி, அண்ணி தண்ணீரில் மூழ்கினால் கைகொடுக்கலாமா என்று மடக்குகிறார் சுன்யு குன். கொடுக்காதவன் ஓநாய் என்கிறார் மென்சியஸ் உடனே. அப்படியானால் உலகமே மூழ்குகிறது, ஏன் கைகொடுக்கவில்லை என்று அடுத்த கேள்வி. உலகத்தை அறத்தால் தூக்கவேண்டும், அண்ணியைக் கையால் தூக்கலாம், உலகத்தையும் கையால் தூக்கச் சொல்கிறாயா என்று பதில். கேள்வி சென் தாய் கேட்டதேதான். கைபடக்கூடாது என்ற முறை விட்டுக்கொடுக்கக் கூடியது. எதைக்கொண்டு உலகத்தைத் திருத்துகிறோமோ அதையே விட்டுக்கொடுத்தால் திருத்த ஒன்றும் மிஞ்சாது. ஆகவே மேற்கோள் வாக்கியம் கிடைத்ததும் அது யார் வாயில் வருகிறது என்று பாருங்கள். பழஞ்சீன நூல்களில் பாதி உரையாடல்தான். எதிராளி சொன்னது பிற்காலத்தில் தனித் தொடராகி, ஆசிரியர் சொன்னதுபோல உலவும்.

எது சின்ன விஷயம், எது கொள்கை என்று வாசகருக்குக் காட்ட ஓர் உதாரணம் வேண்டுமே. அது கன்பூசியஸின் உரையாடல் தொகுப்பில், ஒன்பதாம் பகுதியில் மூன்றாவதாக இருக்கிறது. சடங்குத் தொப்பி சணல்துணியில் இருக்கவேண்டும் என்பது முறை. இப்போது பட்டில் செய்கிறார்கள். அது சிக்கனம், நானும் எல்லோரையும்போலவே செய்கிறேன் என்கிறார். அரசவையில் மண்டபத்துக்குக் கீழே நின்று வணங்குவது முறை. இப்போது மேலே ஏறி வணங்குகிறார்கள். அது திமிர், எல்லோருக்கும் மாறாக நான் கீழேயே வணங்குகிறேன் என்கிறார். அடுத்தடுத்த இரண்டு வரி, ஒன்றில் விட்டுக்கொடுக்கிறார், ஒன்றில் இல்லை, இரண்டுக்கும் காரணம் சொல்கிறார். தொப்பியில் மாறுவது துணி, மரியாதை அப்படியே இருக்கிறது. வணக்கத்தில் மாறுவது மரியாதையேதான்.

இங்கே தமிழாக்கத்தில் ஒரு கண்ணி உண்டு. பட்டு எப்படிச் சிக்கனமாகும்? நமக்குப் பட்டு என்றால் முகூர்த்தப் புடவை விலை. மூலத்தில் பிழை என்று நினைத்து ‘பட்டு ஆடம்பரம்’ என்று திருத்தத் தோன்றும், முதல் படியில் நானே அப்படிக் கேள்விக்குறி போட்டிருந்தேன். பிற்கால உரையாசிரியர் ஜூ சியின் உரையில் விடை இருக்கிறது. அந்தத் தொப்பிக்கு 30 ஷெங் நெருக்கத் துணி வேண்டும். ஷெங்குக்கு 80 இழை, ஆக 2,400 பாவு இழை. சணலை அவ்வளவு மெல்லியதாகத் திரித்து அவ்வளவு நெருக்கமாக நெய்வது பெரும்பாடு, பட்டில் அது சுலபம். சிக்கனம் உழைப்பில். காரணம் புரியாமல் மூலத்தைத் திருத்தாதீர்கள், உரையைத் தேடுங்கள்.

மறு அச்சுக்குப் போன பதிவில் சதுரத்தை விடவில்லை, காசையும் கூடவே வைத்தேன்: ‘பழங்காசுபோல: வெளியே வட்டம், உள்ளே சதுரம். பழகுவதில் இணக்கம், கொள்கையில் கோணாமை.’ கீழே விளக்கத்தில் அரமும் கம்பியும் மூன்று வாக்கியம், தொப்பியும் வணக்கமும் மூன்று வாக்கியம், குழைவு அல்ல என்று ஒரு வாக்கியம். ‘ஒத்த தொடர்’ என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். ஒரு ச்சி, ஒரு ஷூன் தொடருக்குத் தனிப் பதிவு எழுதி, தேரோட்டியை அங்கே கொண்டுபோனேன். கூடுதல் பதிவுக்குப் பணம் கேட்கவில்லை. மெய்ப்புப் பார்ப்பவருக்கு அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன்: ‘வெளி முன்னால், உள் பின்னால். ஓசை சரியில்லை என்று தோன்றினாலும் மாற்ற வேண்டாம்.’